மாங்காய் இஞ்சியை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்

டிசம்பர் பாதி தாண்டினால் மும்பை மாட்டுங்கா மார்க்கெட்டில் மாங்காய் இஞ்சி வந்துவிடும், பிப்ரவரி முடிவதற்குள் காணாமல் போய்விடும். நடுவில் வாங்கியதை ஏப்ரல் வரைக்கும் தயிர் சாதத்துக்குத் தொட்டுக்கொள்ளும்படி எப்படி வைத்திருப்பது என்று எங்கள் பில்டிங்கிலேயே பலர் கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

பாதி வேலை வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கட்டும் என்று கிழங்கைக் கழுவி, தண்ணீர் தெளித்துப் பரப்பி வைத்திருப்பார்கள். அன்றைக்கே நறுக்குவதாக இருந்தால் அது போதும். சேர்த்து வைக்க வேண்டும் என்றால் மண் ஒட்டிக்கொண்டிருக்கும் கிழங்குதான் வேண்டும். கூடைக்கு அடியில் இருக்கும், "கழுவாததைக் கொடுங்கள் மௌஷி" (மராத்தியில் சித்தி) என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மாங்காய் இஞ்சியை இங்கே மராத்தியில் ஆம்பே ஹளத் என்று கேட்க வேண்டும். பக்கத்திலேயே பச்சை மஞ்சளும் குவித்திருப்பார்கள், இரண்டும் மண்ணோடு இருந்தால் ஒன்று போலவே தெரியும். கிழங்கில் விரல் மாதிரி கிளைத்த ஒரு துண்டை ஒடித்துப் பாருங்கள். டக்கென்று ஒடிந்து, உள்ளே வெளிறிய மஞ்சளாக இருந்து, மாவடு வாசனை மூக்கில் ஏறினால் சரியான கிழங்கு. ஒடியாமல் வளைந்து கொடுத்தால் அது வந்து நாளாகிவிட்டது, விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, கழுவி, பிளாஸ்டிக் பையில் முடிந்து, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் தள்ளுவது. ஒன்றிரண்டு வாரம் தாங்கும். அப்புறம் ஒடித்த முனைகளில் ஈரம் கோத்து, கொழகொழவென்று ஆகி, வெள்ளையாகப் பூஞ்சை கட்டும். ஃப்ரிட்ஜ் என்றால் எதுவும் கெடாது என்று நாம் நினைக்கிறோம், ஆனால் கிழங்குக்குக் கிழங்கு குணம் வேறு. கேரட், முள்ளங்கி எல்லாம் குளிரை விரும்புகிறவை. ஐரோப்பாவில் சாப்பிடும் ஹார்ஸ்ராடிஷ் என்ற காரமான வேரைப் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில், நல்ல ஈரப்பதத்தில் வைத்தால் பத்து மாதம் கூட நிற்கும். நம் இஞ்சி, மஞ்சள் கூட்டம் வெப்பநாட்டுச் செடிகள். இஞ்சிக்கு ஏற்ற சூடு 12, 13 டிகிரி. ஃப்ரிட்ஜில் இருப்பதோ நான்கைந்து டிகிரி. அந்தக் குளிரில் நாள்பட இருந்தால் திசு கெட்டு, தோலுக்கு அடியில் தண்ணீர் கோத்த மாதிரி ஆகிவிடும். தாவரவியலில் குர்குமா அமாடா என்கிற மாங்காய் இஞ்சி மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம், அதனால் அதையும் அப்படித்தான் நடத்த வேண்டும்.

எனவே மண். தரையிலிருந்து எடுத்த கிழங்கு அந்தச் சமயத்தில் உறக்கத்தில் இருக்கிறது, அடுத்த மழை வரைக்கும் தூங்குவதற்கென்றே ஆனது. மஞ்சள் பயிரிடுகிறவர்கள் விதைக்கிழங்கை நிழலில் குழி வெட்டி, மணலும் மரத்தூளும் எட்டி இலையும் போட்டு மூடி வைக்கிறார்கள். எட்டி விஷம், சாப்பிடும் கிழங்கின் கிட்டே அது வரவே கூடாது. மணல் மட்டும் போதும். நர்சரியில் மூட்டையாக விற்கும் செம்மண்ணும் சரிதான், வெயிலில் ஒரு நாள் பரப்பி நன்றாக உலர்த்திக்கொள்ளுங்கள். கடற்கரை மணல் மட்டும் வேண்டவே வேண்டாம், அதில் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கிழங்கைக் கழுவாமல், நிழலில், செய்தித்தாளில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். ஒடிந்த முனைகள் காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும், இதைத் தவற விடக் கூடாது, அழுகல் உள்ளே நுழைவது அந்த முனை வழியாகத்தான். அடிபட்டதையும் நசுங்கியதையும் தனியே எடுத்து முதலில் சமையலுக்குப் போடுங்கள். மற்றதை ஒரு மண்தொட்டியில் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்கி மணலால் மூடி, வெயில் படாத மூலையில் வைத்தால் ஆயிற்று. தண்ணீர் தெளிக்கவே கூடாது. வாரத்துக்கு ஒரு முறை கையை விட்டுத் துழாவி, மெத்தென்று ஏதாவது அகப்பட்டால் எடுத்துவிடுங்கள்.

நறுக்கிய பிறகு கதை வேறு, அப்போது ஃப்ரிட்ஜ்தான் துணை. கால் கிலோவைத் தோல் சீவி, மெல்லிய வட்டங்களாக நறுக்கி, ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் நாலைந்து எலுமிச்சம்பழச் சாறு, கல் உப்பு, கீறிய பச்சை மிளகாய் போட்டுக் குலுக்கி வையுங்கள். ஜனவரியில் பச்சை மிளகு கொத்தாகக் கிடைத்தால் கட்டாயம் சேருங்கள், இந்த ஜோடிக்கு ஈடே கிடையாது. சாறு துண்டுகளுக்கு மேலே நிற்க வேண்டும். நல்லெண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்தால் முழுக்க ஆறிய பிறகு ஊற்றுங்கள். அந்த மாங்காய் மணம் எளிதில் ஆவியாகிற எண்ணெய்களில் இருக்கிறது, சூடான தாளிப்பு பட்ட நிமிஷமே பாதி சமையலறைக் காற்றில் போய்விடும். அதனால்தான் இதைக் குழம்பில் போட்டுக் கொதிக்க விடுவது எனக்குப் பிடிப்பதே இல்லை.

ஃப்ரீசர்? துருவி வைத்தால் துவையலுக்கு ஆகும். உறைந்து இளகினால் மொறுமொறுப்பு போய்விடும், ஊறுகாய்க்கு ஆகாது.

வெயில் ஏற ஏற மணலுக்குள் இருப்பது முளைவிடத் தொடங்கும். முளைத்தது கெட்டுப்போனது என்று தூக்கிப் போட வேண்டாம், கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் துவையல் நன்றாகவே வரும். ஜூன் மழை இறங்கினால் மும்பைக் காற்றில் மணலே ஈரமாகிவிடும், அதற்கு முன் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். நல்ல முளையாக இரண்டு மூன்றை மட்டும் எடுத்து, ஜன்னல் கிரில்லில் ஒரு தொட்டியில் இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால், டிசம்பர் ஜனவரியில் இலை காய்ந்து சாய்ந்ததும் தோண்டலாம். தொட்டி அகலமாக இருக்கட்டும், கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும்.