பாத்ரூம் சுவர் ஓதமும் பிளம்பர் தேடிய வழியும்

சென்னையில் இருபது வருடப் பழைய ஃபிளாட். பாத்ரூமை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் பெயின்ட் உப்பி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. இப்படி ஒரு சுவரைக் காட்டினால் பெரும்பாலான பிளம்பர்கள் சொல்லும் முதல் வார்த்தை: "டைல்ஸ் உடைச்சுப் பார்த்தாத்தான் சார் தெரியும்." எங்கே உடைக்க வேண்டும் என்று இன்னும் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உடைக்கும் முன் கசிவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரா, மூடும் முன் கூப்பிட்டுக் காட்டுகிறவரா? நம்பி வேலை கொடுக்க இந்த இரண்டையும் தாண்டிப் பெரிதாக எதுவும் பார்க்க வேண்டியதில்லை. இந்த வேலை நடந்த வரிசையிலேயே விவரங்களைத் தருகிறேன்.

போன் போடுவதற்கு முன் சில நாள் வீட்டுக்காரருக்கு வேலை இருக்கிறது. ஓதம் எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவது முதல் காரியம். கசிவு மூன்று வழியில் வரும். தண்ணீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் கோடு தாண்டி ஈரம் பரவியிருக்கும். கழிவுக் குழாயில் ஓட்டை என்றால் குளித்த பிறகுதான் கூடும். நாலு நாள் யாரும் குளிக்காவிட்டால் காயத் தொடங்கும். மூன்றாவது, தரை டைல்ஸ் இடுக்கு. அதிலும் நஹானி டிராப்பை (தரைத் தண்ணீர் வடியும் வாயை) சுற்றியுள்ள பூச்சு. பழைய ஃபிளாட்டுகளில் பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பியிருப்பார்கள். சங்கன் எனப்படும் அந்தப் பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கினால் சுவரின் அடிப்பகுதியும் கீழ் வீட்டுக் கூரையும் நனையும். ஓதம் இடுப்பளவில் தொடங்கினால் தரையைச் சந்தேகிக்க அவ்வளவாகக் காரணமில்லை.

மொட்டை மாடியில் இந்த ஃபிளாட்டுக்கென்று 1,000 லிட்டர் தனி டாங்க் இருந்தது சௌகரியம். இரவு மோட்டாரின் ஆட்டோமேட்டிக் சுவிட்சை அணைத்து, ஃபிளஷ் டாங்கின் ஆங்கிள் காக்கை (சுவரோரச் சிறு வால்வை) மூடி, எல்லாக் குழாயையும் மூடி, டாங்கின் தண்ணீர் மட்டத்தைக் குச்சியால் அளந்து வைக்க வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் 2 செ.மீ. இறங்கியிருந்தது. டாங்கின் குறுக்களவு 110 செ.மீ. என்றால் ஒரு செ.மீ. தண்ணீர் என்பது ஏறக்குறைய 9.5 லிட்டர். அதாவது இரவில் 19 லிட்டர். நிமிடத்துக்குச் சுமார் 40 மில்லி. காதுக்குக் கேட்காது, சுவருக்குப் போதும். மறுநாள் இரவு பாத்ரூம் லைனின் வால்வை மட்டும் மூடி அளந்தபோது மட்டம் இறங்கவில்லை. மூன்றாம் இரவு வால்வைத் திறந்து கீஸருக்குப் போகும் ஆங்கிள் காக்கை மட்டும் மூடியபோதும் இறங்கவில்லை. ஆக, பழுது சுடுதண்ணீர் லைனில்.

இதில் ஏமாற இடம் உண்டு. பழைய கேட் வால்வில் கைப்பிடி சுற்றும், உள்ளே தகடு அசையாது. மூடியதாக நினைத்து அளப்பது வீண். வால்வை மூடியபின் பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நூலாக வந்துகொண்டே இருந்தால் வால்வு செத்துவிட்டது. சுடுதண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் கலந்து வரும் வால் மிக்ஸரின் உள்ளே வாஷர் தேய்ந்திருந்தால் குளிர்ந்த தண்ணீர் அதன் வழியே சுடுதண்ணீர் லைனுக்குள் ஏறி மூன்றாம் சோதனையைக் கெடுத்துவிடும். பல வீடுகளுக்குப் பொதுவான டாங்க் என்றால் மட்டம் பார்ப்பது செல்லாது, நேரே பிரஷர் டெஸ்ட்தான் (குழாயில் பம்பால் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் நிற்கிறதா என்று பார்ப்பது).

வரும் குழாயில் கோளாறு இல்லை என்றால் அடுத்தவை எளிது. ஃபிளஷ் டாங்கில் சொட்டு நீலம் கொஞ்சம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் விட்டுப் பார்க்கலாம். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது. அதற்குப் பிளம்பரே வேண்டாம். தரைக்கு, நஹானி டிராப்பின் வாயைத் துணியும் பாலிதீனும் வைத்து இறுக்கி, ஒரு இன்ச் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட வேண்டும். கீழ் வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பிளம்பரைத் தேட, பக்கத்துத் தெரு ஹார்டுவேர்ஸ் கடை, செயலி, அடுக்கக வாட்ச்மேன் என மூன்று வழிகள். கடை மூலம் வருபவருக்குப் பொருளில் கமிஷன் இருக்கலாம். அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம், பொருளை நாமே வாங்கினால் தீர்ந்தது. செயலி மூலம் வருபவர் குழாய் மாற்ற, அடைப்பு எடுக்கச் சரி. சுவருக்குள் இருக்கும் லைனுக்கு, நாளை கூப்பிட்டால் அதே ஆள் வர வேண்டும். இவற்றை விட நல்ல வழி, அதே அடுக்ககத்தில் இரண்டு மூன்று வருடம் முன்பு சுவருக்குள் லைன் போட்ட வீட்டைத் தேடி, "அப்புறம் கசிந்ததா, கூப்பிட்டபோது வந்தாரா" என்று கேட்பது. போன மாதம் முடிந்த வேலைக்கு எல்லோரும் நல்ல பெயர்தான் கொடுப்பார்கள்.

மூன்று பேரை வரச் சொல்லி, சோதனை முடிவைச் சொல்லாமல் சுவரை மட்டும் காட்ட வேண்டும். ஒருவர் பாத்ரூம் முழுக்கப் புது லைன் என்றார். ஒருவர் டைல்ஸ் இடுக்கில் கெமிக்கல் ஊற்றினால் நின்றுவிடும் என்றார். அழுத்தத்தோடு வரும் தண்ணீரை டைல்ஸ் மேல் ஊற்றும் எந்த மருந்தும் நிறுத்தாது. மூன்றாமவர் கீஸர் எங்கே, எப்போது ஓதம் கூடுகிறது, முன்பு யார் எப்போது லைன் மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டு, "டெஸ்ட் பம்ப் கொண்டு வர்றேன், பார்த்துட்டு உடைப்போம்" என்றார். வேலை அவருக்குப் போயிற்று. மூவரில் அவர் கேட்ட தொகைதான் நடுவில் இருந்தது.

கூலி பேசுவதில் மூன்று முறை உண்டு. புது பாத்ரூமுக்குப் பாயின்ட் கணக்கு, அதாவது ஒரு குழாய் முனைக்கு இவ்வளவு என்று. பெரிய வேலைக்கு மொத்தக் காண்ட்ராக்ட். எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியாத பழுதுக்கு நாள் கூலி. கசிவு தேடும் வேலைக்கு மொத்தத் தொகை பேசினால் அவர் அவசரப்படுவார், நாள் கூலி பேசினால் இழுப்பார். அதனால் கண்டுபிடிப்பதற்கு ஒரு தொகை, சரிசெய்வதற்கு ஒரு தொகை என்று இரண்டாகப் பேசி வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்வது நல்லது. உடைத்த இடத்தைப் பூசி டைல்ஸ் ஒட்டுவது யார், கொத்தனார் கூலி இதில் சேருமா, குப்பையை யார் இறக்குவது என்பதும் அதில் இருக்க வேண்டும். சண்டை வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொருள் பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்க வேண்டும். மிக்ஸரிலிருந்து கீஸர் வரை சுடுதண்ணீர் லைன் மாற்ற வேண்டி வந்தால் தேவைப்படுவதாக எழுதியது: முக்கால் இன்ச் சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் 3 மீட்டர் நீளம் ஒன்று, முக்கால் எல்போ 4, முக்காலுக்கு அரை ரெட்யூசர் 2, அரை இன்ச் பிராஸ் எல்போ (பித்தளை மரை உள்ள வளைவு) 2, கிளாம்ப் 6, சி.பி.வி.சி. சால்வென்ட் (ஒட்டும் பசை) 118 மில்லி டப்பா ஒன்று, டெஃப்லான் டேப் 3, டம்மி பிளக் (முனையை அடைக்கும் மூடி) 4. குழாயின் மேல் கம்பெனி பெயரோடு ஐ.எஸ். 15778 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்க வேண்டும். அதோடு எஸ்.டி.ஆர். (குழாயின் வெளி விட்டத்தைத் தடிப்பால் வகுத்த எண்) 11 அல்லது 13.5 என்று இருக்கும். எண் சிறியதாக இருந்தால் குழாய் தடிப்பு அதிகம். சுடுதண்ணீருக்கு 11 வாங்குவதே சரி. வெள்ளை நிற யு.பி.வி.சி. குழாய் விலை குறைவு என்று கீஸர் லைனுக்குப் போடச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே கூடாது, சூட்டில் இளகிவிடும். இரண்டுக்கும் சால்வென்டும் வேறு வேறு.

வேலை நாளன்று முதலில் கீஸருக்கு மின்சாரம் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்க வேண்டும். ஓதச் சுவருக்குள் வயரும் போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிக்ஸரைக் கழற்றி, கீஸர் இணைப்பைக் கழற்றி, முனைகளில் டம்மி போட்டு, கைப்பம்பால் தண்ணீர் ஏற்றினால் மீட்டர் முள் நிற்காமல் இறங்கியது. சுவரில் காது வைத்துக் கேட்டு, மிக்ஸரின் சுடுதண்ணீர்க் கால் இருக்கும் இடத்தில் இரண்டே டைல்ஸ் உடைத்தார். முன்பு லைன் போட்டவர் பிராஸ் எல்போவுக்குப் பதில் முழுப் பிளாஸ்டிக் எல்போ போட்டு, டேப்பைத் தடிமனாகச் சுற்றி, பித்தளை நிப்பிளை (மரை போட்ட சிறு குழாய்த் துண்டை) ரெஞ்ச் வைத்து முறுக்கியிருக்கிறார். பிளாஸ்டிக் மரை அன்றே உள்ளுக்குள் விரிந்திருக்கும். சூடும் குளிரும் மாறி மாறி வந்து விரிசல் நீண்டிருக்கிறது. சுவருக்குள் போகும் சி.பி.வி.சி.யில் அதிகம் கண்ணில் படும் பழுது இதுதான். கையால் இறுகும் வரை திருகி, அதன்பின் ஒன்றிலிருந்து இரண்டு சுற்று போதும். மரைக்கு டெஃப்லான் டேப் மட்டும். எண்ணெய், பெயின்ட், சணல் எதுவும் சி.பி.வி.சி. பக்கம் வரக் கூடாது. சில எண்ணெய்கள் அந்தப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும்.

ஒட்டும்போதும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். குழாயை நேராக வெட்டி, பிசிறை எடுத்து, ஈரம் துடைத்து, குழாய்க்கும் ஃபிட்டிங்குக்கும் சால்வென்ட் தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி அரை நிமிடம் பிடிக்க வேண்டும். பிடிக்காமல் விட்டால் குழாய் தானே வெளியே தள்ளிக்கொள்ளும். வால் மிக்ஸரின் இரண்டு பிராஸ் எல்போவுக்கும் நடுமையத்திலிருந்து நடுமையம் 150 மி.மீ.; மட்டம் பார்த்து, டைல்ஸ் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். உள்ளே போய்விட்டால் நீட்டிப்பு நிப்பிள் போட நேரிடும், அது இன்னொரு மூட்டு, இன்னொரு கசிவு வாய்ப்பு.

இனிதான் பிளம்பரின் உண்மையான குணம் தெரியும். ஒட்டிய கையோடு பூசிவிடலாம் என்பார்கள். ஒரு நாள் காயவிட்டு, மறுநாள் மறுபடி பம்ப் வைத்து சதுர செ.மீ.க்கு 10 கிலோ அழுத்தத்தில் ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்பதைப் பார்த்த பிறகே பூச்சு. பூசும் முன் டேப் பிடித்து, குழாய் தரையிலிருந்து எத்தனை, மூலையிலிருந்து எத்தனை என்று தெரியும்படி போட்டோ எடுத்து வைக்க வேண்டும். நாளைக்கு டவல் ராடுக்கு டிரில் போடுபவரிடம் அந்தப் படம்தான் பேசும். பணமும் இதே வரிசையில்தான்: பொருளுக்குப் பில் பார்த்து, கூலியில் பாதி பிரஷர் டெஸ்ட் முடிந்ததும், மீதி ஒரு வாரம் கழித்து.

கீஸரைத் திரும்ப மாட்டும்போது ஒரு கண் வேண்டும். குளிர்ந்த தண்ணீர் நுழையும் பக்கம் இருக்கும் பாதுகாப்பு வால்வில் சொட்டுச் சொட்டாக வந்தால், தொந்தரவு என்று அதை அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. அழுத்தம் வெளியேறும் வழி அது. அடைத்தால் கீஸர் வெடிக்கலாம். அதிலிருந்து ஒரு சின்னக் குழாயைத் தரைக்கு இறக்கிவிட்டால் போதும்.

செப்டிக் டாங்க் அடைப்பு என்று வந்தால், எவ்வளவு பழகிய பிளம்பரானாலும் உள்ளே இறங்கச் சொல்லக் கூடாது, அவரே முன்வந்தாலும் விடக் கூடாது. விஷவாயுவுக்கு ஒரே நிமிடம் போதும். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றமும்கூட. லாரி வைத்து உறிஞ்சுவதுதான் வழி.

சுவர் உடனே காயாது. ஒன்பது இன்ச் செங்கல் சுவருக்குப் பல வாரம் ஆகும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி, உப்புப் பூத்ததைப் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பெயின்ட் அடிக்காமல் திறந்தே விட வேண்டும். பென்சில் கோட்டை வாரம் ஒருமுறை பார்த்துப் புதுக் கோடு போட்டுவந்தால் ஓதம் சுருங்குவது தெரியும். இந்தச் சுவரில் மூன்றாம் வாரம் கோடு உள்பக்கம் நகர்ந்தது.