ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே: அம்மாவின் கதிர்ச் சிகிச்சை தள்ளிப்போன கதை

அம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்று உறுதியானதும் மலை இறங்கிப்போய்ப் பெரிய வைத்தியசாலையில் கதிர்ச் சிகிச்சைக்குப் பதிந்தோம். ஸ்கேன் எடுத்து இடுப்பில் அடையாளப் புள்ளிகளும் குத்தினார்கள். அதுவரை பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. அந்த வழியில் போய் வந்த மலையகத்தவர்கள் பலர் இருப்பதால் அதை விரித்து எழுதத் தேவையில்லை. எல்லாம் ஆயத்தமான பிறகு ஓர் இரத்தப் பரிசோதனைத் துண்டுக்காகச் சிகிச்சை தள்ளிப்போனதையும், அந்தத் துண்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை எங்களுக்கு எவருமே முதலில் சொல்லாததையும் பற்றித்தான் எழுதுகிறேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சிகிச்சை தொடங்குவதற்கு முன் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும் என்று இரத்தம் எடுத்து, அறிக்கையை அடுத்த கிளினிக் நாளில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து இருட்டோடு புறப்பட்டு, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை வளைவுகளில் அம்மா வாந்தியெடுத்துக் களைத்துப்போய் அந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றபோது, அப்படியோர் அறிக்கையே வரவில்லை என்றார் எழுதுவினைஞர். அறிக்கை வந்துதான் இருந்தது. அவருடைய மேசையில் நூல் கட்டிய துண்டுக் கட்டுக்குள் மேலிருந்து மூன்றாவதாக அது கிடந்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. கிளினிக் இலக்கம் அம்மாவுடையதுதான். பெயரில் மட்டும் ஆங்கில எழுத்து இரண்டு மாறியிருந்தது. அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், கிளினிக் புத்தகத்தில் இன்னொரு விதமாகவும், ஆய்வுகூடத்தில் மூன்றாவது விதமாகவும் அம்மாவின் பெயரை எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தவர்களின் பெயர்களுக்கு இது புதிதல்ல. “பேர் வேற தங்கச்சி, குடுக்க ஏலாது. கிராம சேவகர்கிட்ட கடிதம் வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி நான் எவ்வளவு கெஞ்சியும் அவர் அந்தக் கட்டைத் தொடவில்லை.

கிராம சேவகர் எங்கள் பக்கத்துக்கு வரும் நாள் வரை காத்திருந்து கடிதம் வாங்கிக்கொண்டு திரும்பவும் போனோம். அம்மாவுக்கு இரத்தப்போக்கு நிற்காத காலம் அது. அறிக்கை கைக்கு வந்தபோது அதில் 8.9 என்று இருந்தது. ஆனால் அது பழையதாகிவிட்டதால் மறுபடியும் இரத்தம் எடுத்தார்கள். புதிய அறிக்கையில் 7.8. “பத்துக்கு மேல வந்தாத்தான் தொடங்குவோம்” என்று தாதி மிஸ் சொன்னதும் அம்மா என் முகத்தைப் பார்த்தார். மெஷின் இருக்கிறது, திகதி இருக்கிறது, இரத்தம் கொஞ்சம் குறைவாக இருப்பதற்கும் கதிருக்கும் என்ன தொடர்பு என்று எனக்கும் அப்போது விளங்கவில்லை.

விளங்க வைத்தவர் அங்கிருந்த தமிழ் பேசும் இளம் வைத்தியர் ஒருவர். காலாவதியான கிளினிக் துண்டொன்றின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் ஒரு சிறிய வட்டம் போட்டு, “இது இரத்தக் குழாய், டீச்சர்” என்றார். அதைச் சுற்றி நெருக்கமாகப் புள்ளிகள் வைத்தார். அவை நன்றாக மூச்சு விடும் புற்றுக் கலங்கள். அதற்கு வெளியே ஐதாகச் சில புள்ளிகள். அவை ஒட்சிசன் போதாமல் திணறிக்கொண்டு உயிரோடு இருப்பவை. இன்னும் வெளியே பேனாவால் கிறுக்கிவிட்டு, இங்கே எல்லாம் செத்துவிட்டது என்றார். குழாயிலிருந்து ஒட்சிசன் இழையத்துக்குள் ஊறிச் செல்லக்கூடிய தூரம் 0.1 முதல் 0.2 மில்லிமீற்றர் வரைதான். கட்டி அவசரமாக வளர்வதால் அதற்குள் ஓடும் குழாய்கள் கோணலும் ஒழுக்குமாக இருக்கின்றன; பல இடங்களுக்கு இரத்தம் ஒழுங்காகப் போய்ச் சேருவதே இல்லை. ஊற்றிலிருந்து ஒரே குழாயில் தண்ணீர் வரும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில், வரத்துக் குறையும்போது முதலில் காய்வது கடைசி வீட்டு வாளிதான். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின்தான். அம்மாவின் ஹீமோகுளோபின் இறங்க இறங்க, ஏற்கெனவே திணறிக்கொண்டிருந்த அந்தக் கலங்களின் நிலைமையும் அப்படித்தான் ஆகியிருந்தது.

கலங்கள் திணறினால் நல்லதுதானே, புற்றுநோய் சாகட்டுமே என்று நான் கேட்டேன். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய விளக்கம். கதிர் உடலுக்குள் பாயும்போது கலத்தின் டி.என்.ஏ.யில் உடைவுகளை உண்டாக்குகிறது. அந்த இடத்தில் ஒட்சிசன் இருந்தால் அது உடைவோடு சேர்ந்து அதை நிலையான சேதமாக்கிவிடும். ஒட்சிசன் இல்லாவிட்டால் அந்த உடைவின் பெரும்பகுதியைக் கலம் சரிப்படுத்திக்கொண்டு தப்பிவிடும். ஒட்சிசன் அறவே இல்லாத கலத்தைக் கொல்ல, நன்றாக ஒட்சிசன் உள்ள கலத்துக்குத் தேவையானதைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். பிரித்தானிய விஞ்ஞானி லூயிஸ் ஹரோல்ட் கிரேயும் அவருடைய குழுவினரும் 1953இல் இதன் முக்கியத்துவத்தை எடுத்துக்காட்டினார்கள். 1955இல் தொம்லின்சன் என்பவரும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்து, இரத்தக் குழாயிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் எப்போதுமே செத்த பகுதி இருப்பதைக் கண்டார்கள். வைத்தியர் வரைந்த வட்டம் அவர்கள் கண்டதுதான். அம்மாவின் சிகிச்சை அட்டையில் 45 கிரே, 25 பகுதி என்று எழுதியிருந்தது. கதிரின் அளவைக் குறிக்கும் அந்த அலகுக்கு இந்த மனிதரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

திணறும் கலங்கள் சும்மா கிடப்பதுமில்லை. ஒட்சிசன் குறைந்ததை உணரும் புரதமொன்று அவற்றில் விழித்துக்கொண்டு, புதிய குழாய்களை வளர்க்கவும், ஒட்சிசன் இல்லாமல் சர்க்கரையை எரித்து வாழவும், இடம்விட்டு இடம் பரவவும் உதவும் மரபணுக்களை இயக்குகிறது. கலங்கள் ஒட்சிசனை எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீற்றர் ரட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1990களில் ஜேர்மனியில் கருப்பைக் கழுத்துக் கட்டிகளுக்குள்ளேயே ஊசி போன்ற கருவியைச் செலுத்தி ஒட்சிசனை அளந்தார்கள். ஒட்சிசன் குறைந்த கட்டிகள் கதிருக்கு மட்டுமல்லாமல், சத்திரசிகிச்சைக்குப் பிறகும் மோசமாக நடந்துகொண்டதை அவர்கள் கண்டார்கள். மருந்து ஏற்றும் சிகிச்சைக்கும் இது தடைதான்: குழாயிலிருந்து தள்ளியிருக்கும் கலங்களுக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும், மெதுவாகப் பெருகும் கலங்களைப் பல மருந்துகளால் எளிதில் தாக்கவும் முடியாது. அம்மாவுக்கு நடந்ததைப் போலக் கட்டியிலிருந்தே இரத்தம் போகும் நோயாளிக்கு, நோய் தன்னைக் காக்கும் வேலியைத் தானே கட்டிக்கொள்கிறது. பெயரில் இரண்டு எழுத்துக்காகக் காத்திருந்த நாட்களில் 8.9 என்பது 7.8 ஆகியதை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

இரத்தம் ஏற்றினால் குணம் நிச்சயம் என்று அந்த வைத்தியர் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்குக் கதிர்ச் சிகிச்சையின் பலன் குறைவாக இருப்பது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. இரத்தம் ஏற்றுவது அந்த இழப்பில் எவ்வளவை மீட்கிறது என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனாலும் இரத்தப்போக்கு உள்ள நோயாளியை 7.8இல் வைத்துக்கொண்டு தொடங்க முடியாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். வார்டில் சேர்த்து, போக்கை நிறுத்த உள்ளே துணிப் பட்டை வைத்து, இரத்தம் ஏற்றினார்கள். அதிலும் ஒரு தடங்கல்: இரத்த வங்கிக்குக் கொடுத்த படிவத்தில் வைத்தியரின் கையெழுத்து இல்லை என்று அது திரும்பி வந்தது. இந்த முறை நான் அடுத்த நாளுக்காகக் காத்திருக்கவில்லை. வார்டுக்கு ஓடி, கையெழுத்து வாங்கி, அதே சிற்றூழியரின் கையில் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பரிசோதித்தபோது 10.4 என்று வந்தது. அந்தத் துண்டை நான் அங்கேயே படம் பிடித்து வைத்துக்கொண்டேன்.

இடையில் உறவினர் ஒருவர், இரத்தம் ஏற ஊசி இருக்கிறது, தனியார் மருந்துக் கடையில் கிடைக்கும், வாங்கிப் போடலாம் என்றார். அவர் சொன்னது எரித்ரோபொயெட்டின். வைத்தியர் கையை நீட்டித் தடுத்தார். தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குக் கதிரோடு அந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஹீமோகுளோபின் ஏறியது, ஆனால் நோய் கட்டுப்படுவது குறைந்தது. ஆகவே எண்ணைப் பார்த்துவிட்டு யாரும் தாமாக ஊசி வாங்கிப் போடக் கூடாது.

இன்னொருவர் ஒட்சிசன் கலந்த தண்ணீர் போத்தல் என்று ஒன்றை நல்ல விலைக்கு விற்கும் ஆளின் இலக்கத்தைக் கொடுத்தார். ஒட்சிசன் இருந்தால் புற்றுநோய் வாழாது, இதைக் கண்டுபிடித்ததற்கு ஜேர்மன் விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க்குக்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்பது அந்த ஆளின் பேச்சு. வார்பர்க்குக்கு 1931இல் பரிசு கிடைத்தது உண்மை. அது கலங்களின் சுவாச நொதியைப் பற்றிய ஆய்வுக்காகக் கிடைத்தது. புற்றுக் கலங்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் சர்க்கரையைப் புளிக்க வைத்து வாழ்வதை அவர் கண்டார் என்பதே அந்தப் பேச்சுக்கு எதிரான சாட்சி. குடிக்கும் தண்ணீரில் உள்ள ஒட்சிசன் கட்டிக்குள் போய்ச் சேராது. மலைக்காற்றில் ஒட்சிசன் குறைவு, சிகிச்சை முடியும் வரை கீழேயே தங்குங்கள் என்றவர்களும் உண்டு. எங்கள் உயரத்தில் ஹீமோகுளோபின் ஒட்சிசனால் பெரும்பாலும் நிறைந்தே இருக்கிறது, குறைந்திருந்தது ஹீமோகுளோபின்தான். அம்மா கீழே தங்கியது பயணக் களைப்புக்காகத்தான்.

வீட்டில் நாங்கள் மாற்றியவற்றில் இரண்டு விடயங்கள் முக்கியமானவை. இரும்புச்சத்துக் குளிசையை அம்மா இத்தனை நாளும் சோற்றுக்குப் பிறகு பிளேன்டியோடு விழுங்கி வந்தார். தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது. வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்தவரிடம் தேயிலையை ஒதுக்கு என்று சொல்வது எளிதாக இல்லை. சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் ஒன்றிரண்டு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கச் செய்தோம். அடுத்தது அடுப்படி. விறகுப் புகையிலும் சிகரெட் புகையிலும் காபனோரொட்சைட்டு இருக்கிறது. அது ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஒட்சிசனுக்கு இடம் விடாது. கதிர்ச் சிகிச்சை நடக்கும்போதும் புகைபிடித்த தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளுக்குப் பலன் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் லயத்து அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. “நா சமைக்காம யாரு புள்ள சமைக்கிறது” என்று அம்மா சண்டை பிடித்தாலும் அண்ணி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அண்ணன் பீடியை வாசலுக்கு வெளியே கொண்டு போனார்.

கதிர் தொடங்கிய பிறகு வாரத்துக்கொரு முறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, வாரத்தில் ஐந்து நாள் மெஷின் என்று ஒழுங்காகத்தான் போனது, மெஷின் பழுதாகும் வரை. பலர் அதை விடுமுறையாக நினைத்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒருவரும் அவர்களுக்கு எதையும் விளக்கவில்லை. கதிரைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுப்பதற்கான காரணங்களில் ஒன்று இந்த ஒட்சிசன்தான்: குழாய்க்குக் கிட்ட இருக்கும் கலங்கள் சாகும்போது தள்ளியிருந்து திணறியவற்றுக்கு ஒட்சிசன் கிடைக்கிறது, அடுத்த நாள் கதிர் அவற்றைப் பிடிக்கிறது. இடைவெளி நீண்டால் தப்பிய கலங்கள் பெருகிவிடும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு, கதிர் மூலத்தைக் கட்டிக்கு அருகிலேயே உள்ளே வைத்துக் கொடுக்கும் உட்கதிர்ச் சிகிச்சையும் சேர்த்து எட்டு வாரங்களுக்குள் முடிப்பதே இலக்கு. தவறிய நாட்களை எப்படி ஈடுசெய்வீர்கள் என்று நான் கேட்ட பிறகுதான் அம்மாவின் பெயரை, ஆறு மணித்தியால இடைவெளி விட்டு ஒரே நாளில் இரண்டு பகுதி கொடுக்கும் பட்டியலில் சேர்த்தார்கள். கேட்காதவர்களும் அந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டும்.

உட்கதிர்ச் சிகிச்சை எட்டு வாரம் நிறைவதற்குள் முடிந்தது. இரத்தப்போக்கு நின்றுவிட்டது. மூன்று மாதத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகே கட்டியின் நிலை தெரியும் என்றார்கள். அதற்கான திகதி கிடைத்திருக்கிறது.

இனிப் போகிறவர்கள், முதல் கிளினிக்குக்கு முன்பே அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படி பெயரைக் கிளினிக் புத்தகத்தில் திருத்திக்கொள்ளுங்கள்; பழைய ஏடுகளில் வேறு விதமாக இருந்தால் இரண்டும் ஒருவரே என்று கிராம சேவகரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கிப் பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம் எடுக்கும்போது குழாயில் ஒட்டும் துண்டை நீங்களே வாசித்துப் பார்த்துவிட்டு அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் என்ன என்று ஒவ்வொரு வாரமும் கேளுங்கள். அறிக்கை இல்லை என்று ஜன்னலில் சொன்னால் ஊருக்குத் திரும்பாமல், அந்த இலக்கத்தோடு நேரே ஆய்வுகூடத்துக்குப் போங்கள். பின்னொரு முறை நான் அப்படிப் போனபோது அங்கிருந்தவர் இலக்கத்தை மட்டும் பார்த்து உடனே அச்செடுத்துக் கொடுத்தார்.