ஏசி ரிமோட்டில் பனித்துளி, நீர்த்துளி, விசிறி

கத்திரி வெயிலில் வேலூர் மாடி வீட்டுக்குள் நுழைந்ததும் ரிமோட்டில் 16 வைக்கிறோம். அது வீண். இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியில், குளிரை உண்டாக்கும் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். 24 வைத்தாலும் அறை அதே வேகத்தில்தான் குளிரும். 16 வைத்தால் கம்ப்ரசர் நிற்காது, மின்கட்டணம் ஏறும், அவ்வளவே. சீக்கிரம் குளிர வேண்டுமா? கூல் மோடில் 24 வைத்து, ஃபேன் வேகத்தை ஹை ஆக்குங்கள். கூடவே சீலிங் ஃபேனையும் ஓடவிடுங்கள்.

பனித்துளிப் படம்தான் கூல். நீர்த்துளி, டிரை. இதில் கம்ப்ரசர் விட்டு விட்டு ஓடும், விசிறி மெதுவாகச் சுற்றும்; காற்றின் ஈரம் குறையும். நம் ஊர் மே மாதத்து வறண்ட அனலுக்கு இது போதாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உடம்பு பிசுபிசுக்கும்போது போட்டுப் பாருங்கள், அருமையாக இருக்கும். பலர் தெரியாமல் டிரையில் விட்டுவிட்டு, கேஸ் தீர்ந்துவிட்டதென்று மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். முதலில் படத்தைப் பாருங்கள்.

விசிறிப் படத்தில் கம்ப்ரசர் ஓடாது, வெறும் காற்றுதான். ஸ்லீப் அழுத்தினால் பெரும்பாலான மாடல்களில் நாம் வைத்த வெப்பநிலை மணிக்கு ஒரு டிகிரி வீதம் சற்று உயர்ந்து நிற்கும். விடியற்காலையில் போர்வை தேட வேண்டாம்.

அணைத்த உடனே மறுபடி போட்டால் சுமார் 3 நிமிடம் குளிர்காற்று வராது. கம்ப்ரசரைக் காக்கும் ஏற்பாடு அது, பழுதில்லை.