காத்தாயியின் எடை

அக்டோபர் 21, 2023, சனி

காலை ஏழு மணிக்கே பெரியவரின் வண்டியில் கிளம்பிவிட்டோம். டாலஸுக்கு வடக்கே, அறுவடை முடிந்து காலியாகக் கிடக்கும் நிலங்கள். இந்த மாதத்தில் வடக்கிலிருந்து செவ்வால் பருந்துகள் இறங்கி வந்து கம்பத்துக்குக் கம்பம் உட்கார்ந்திருக்கும். வேட்டைக்குப் பழக்க எங்களுக்கு வேண்டியது இந்த வருஷம் பொரித்த பறவை. பழுப்பு வாலில் குறுக்குக் கோடுகள், வெளிறிய மஞ்சள் கண். வால் சிவந்திருந்தால் வளர்ந்த பறவை, அதைப் பிடிக்கக் கூடாது.

பொறிக்குப் பெயர் பால் சத்ரி. சின்னக் கம்பிக்கூண்டு, மேலெல்லாம் நைலான் சுருக்கு, உள்ளே இரண்டு எலி. பெயர் இந்தியிலிருந்து போனது, பால் என்றால் முடி. குதிரைமுடியில் சுருக்குப் போட்ட நம் நாட்டு வேடர்களின் கைவேலை. அங்கே இன்று வல்லூறைப் பிடித்தால் வனவிலங்குச் சட்டம் பாயும். இங்கே நான் பரீட்சை எழுதி, கூண்டு கட்டிக் காட்டி, அனுபவமுள்ள ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டபிறகுதான் பயிற்சி உரிமம் கிடைத்தது. பொறுப்பேற்றவர்தான் பெரியவர்.

பத்தரை மணிக்கு ஒரு கம்பத்தில் பழுப்பு வால். பெரியவர் வண்டியை முழுதாக நிறுத்தாமலே கதவைத் திறந்து பொறியை ரோட்டோரம் நழுவவிட்டார். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பறவை தரையில். ஓடிப்போனோம். பழைய நைலான் காலுறைக்குள் தலைமுதல் நுழைத்ததும் அடங்கியது. சமையல் தராசில் 1,210 கிராம். அந்த எடைக்குப் பெண்தான் என்றார்.

அக்டோபர் 25, புதன்

நாலு நாளாக என் சாயங்காலமெல்லாம் கேரேஜில்தான். அவள் கையுறையில் நிற்பாள், நான் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். தும்மினால்கூடத் தலைகீழாகத் தொங்கி அடித்துக்கொள்வாள். இன்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, என்னைப் பார்த்துக்கொண்டே குனிந்து, விரலிடுக்கில் இருந்த காடைத் துண்டைப் பிய்த்துத் தின்றாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "பேர் வெச்சியா? காத்துல போற பொம்பளைக்குக் காத்தாயினு வை" என்றாள். வைத்தாயிற்று.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. காலையில் எண்ணெய்க் குளியல், அப்புறம் பூங்காவில் கயிற்றுப் பயிற்சி. ஐம்பது கஜம் தள்ளி வேலியில் உட்காரவைத்து விசிலடித்தால், புல்லைத் தொட்டும் தொடாமலும் வந்து கையில் ஏறுகிறாள். எடை 1,065. கயிற்றைக் கழற்றலாம் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.

வீட்டில் ஒரு பஞ்சாயத்து: ஃப்ரீசரில் தேங்காய்த் துருவலுக்குப் பக்கத்தில் காடை இருக்கக் கூடாதாம். நியாயம்தான். கேரேஜுக்குத் தனி ஃப்ரீசர் வாங்குகிறேன்.

நவம்பர் 23, வியாழன்

தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. ஊரே வான்கோழி தின்கிறது, நான் ஒரு மரத்தடியில் நிற்கிறேன்.

தப்பு என்னுடையது. நேற்று முகம் வாடியிருக்கிறதே என்று அரைக் காடை கூடக் கொடுத்துவிட்டேன். காலையில் 1,105. நாற்பது கிராம்தானே என்று அவிழ்த்துவிட்டேன். நேராகப் போய் ஓடையோரத்து உயரமான மரத்தில் உட்கார்ந்தாள். விசில், இறைச்சி, கெஞ்சல், எதற்கும் அசையவில்லை. இறகைக் கோதிக்கொண்டாள். பசியில்லாத பருந்துக்கு என்னிடம் என்ன வேலை? இருட்டும்வரை நின்றுவிட்டு, அவள் இருக்குமிடத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டரை நம்பி வீட்டுக்கு வந்தேன். தூக்கம் வரவில்லை. இரவில் கொம்பன் ஆந்தை அடித்துவிடும் என்று பெரியவர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

நவம்பர் 24, வெள்ளி

விடிவதற்கு முன்னாலேயே போய்விட்டேன். வெளிச்சம் வந்ததும் முதல் விசிலுக்கே இறங்கிவிட்டாள். 1,060. பெரியவரிடம் சொன்னதற்கு, "உன் இரக்கத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுக் கொடு" என்றார். அவ்வளவுதான், திட்டுகூட இல்லை.

டிசம்பர் 9, சனி

முதல் முயல்.

அந்த நிலம் முழுக்க மெஸ்கீட் முள்மரமும் சப்பாத்திக்கள்ளியும். மெஸ்கீட் வேறு யாருமல்ல, நம்மூர் சீமைக்கருவேலத்தின் பங்காளி. கண்ணை மூடிக்கொண்டால் ராமநாதபுரம். அவள் மரத்துக்கு மரம் தாவிப் பின்னால் வர, நான் புதர்களைக் கோலால் தட்டிக்கொண்டே நடந்தேன். ஏழு முயல் தப்பித்தது. எட்டாவது கள்ளிக்குள் நுழைவதற்கு ஒரு முழம் முன்னால் மேலிருந்து விழுந்தாள்.

புல்லுக்குள் ஒன்றும் தெரியவில்லை. கால் மணிகளின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஒரு கால் முயலின் தலையில், இன்னொன்று முதுகில், சிறகை விரித்து மூடியிருந்தாள். பருந்து கொன்றுவிட்டுச் சாப்பிடும் சாதியில்லை, பிடித்த இடத்திலேயே பிய்க்க ஆரம்பித்துவிடும். அதனால் உயிரை முடிப்பது என் வேலை. கழுத்தைத் திருகினேன். கை நடுங்கியது, ஆனாலும் ஒரே திருகில் முடிந்தது. இதயத்தையும் ஒரு தொடையையும் கையுறையில் வைத்துக் கொடுத்து, அவள் அதில் மூழ்கியிருக்கும்போது மீதியைப் பைக்குள் மறைத்தேன். வலுக்கட்டாயமாகப் பிடுங்கினால் அடுத்தமுறை நம்மைத் திருடனாகத்தான் பார்க்குமாம்.

ஜனவரி 15, 2024, திங்கள்

பொங்கல். தண்ணீர்க் கிண்ணம் கல்லாக உறைந்துவிட்டது. இந்தக் குளிரில் உடம்பைச் சூடாக வைக்கவே தின்றதெல்லாம் கரைகிறது. நேற்றுக் கொடுத்த அதே அளவுக்கு ஒரே ராத்திரியில் 35 கிராம் இறங்கியிருக்கிறாள். வேட்டை கிடையாது. வயிறு முட்டக் கொடுத்தேன், இந்தத் தடவை தராசைப் பார்த்துத்தான்.

பிப்ரவரி 18, ஞாயிறு

மொத்தம் பதினாலு முயல். வெயில் ஏறியதும் பாம்பு வெளியே வருகிறது. போதும்.

மார்ச் 9, சனி

வைத்துக்கொள்ள உரிமம் இடம் கொடுக்கிறது. ஆனால் செவ்வால்களில் பாதிக்குமேல் முதல் வருஷத்தைத் தாண்டுவதில்லை. இவள் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டாள், வேட்டையும் தெரியும். மூன்று வாரமாகக் கணக்குப் பார்க்காமல் கொடுத்ததில் 1,290.

பிடித்த அதே ரோடு. கால்பட்டைகளைக் கத்தரித்தேன். ஐந்து மாதத் தோல் தடம், அதற்குக் கீழே வெளிர் மஞ்சள் செதில். கையைத் தூக்கினேன், போகவில்லை. கையுறையை முகர்ந்துபார்ப்பதுபோல் குனிந்தாள். அப்புறம் ஒரு எச்சம், என் பூட்ஸ் மேலேயே. பிறகுதான் கிளம்பினாள்.

கேரேஜ் ஃப்ரீசரில் இன்னும் பதினொரு காடை இருக்கிறது. அக்டோபர்வரை தாங்குமா என்று பெரியவரிடம் கேட்க வேண்டும்.