படம் வருவதற்கு முன்பே மதிப்பெண்: மண்டையோட்டு எக்ஸ்ரே செய்முறைத் தேர்வை நடத்திய அனுபவம்

கோவைக்கும் ஈரோட்டுக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றிக்கொண்டே, அதனோடு இணைந்த கல்லூரியில் ரேடியோகிராபி மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பும் எடுத்து வருகிறேன். கடந்த கல்வியாண்டில், மண்டையோடு, முகம் ஆகியவற்றை எக்ஸ்ரே எடுக்கும் திறனில் மூன்றாம் ஆண்டு மாணவர்களை மதிப்பிடும் பொறுப்பு என்னிடமும் இன்னொரு மூத்த டெக்னீசியனிடமும் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை இருந்த முறை எளிமையானது: மாணவர் ஒரு படம் எடுப்பார், தேர்வாளர் அதைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்பார், மதிப்பெண் விழும். மார்புக்கும் கை கால்களுக்கும் அது ஓரளவு போதும். தலைக்குப் போதாது என்று எனக்கு நெடுநாளாகவே தோன்றி வந்தது. எல்லா எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இடம் அது. படம் தற்செயலாகவும் நன்றாக அமைந்துவிடலாம், தெரிந்து செய்தும் சற்றுப் பிசகலாம். அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் தேர்வை எப்படி அமைத்தோம் என்பதை, இதே பொறுப்பை ஏற்கவிருக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எதிர்ப்பட்ட சிக்கல், இந்தப் படங்களுக்கு நோயாளிகள் வருவதே அரிதாகிவிட்டது என்பதுதான். இருசக்கர வாகனத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு வருபவர் இன்று நேராகச் சிடி அறைக்குச் செல்கிறார். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு தெரியவில்லை என்பதை வைத்து உள்ளே இரத்தக்கசிவு இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆகவே நோயாளிக்கு அந்த மாற்றம் நல்லதே. மாணவருக்கோ பாடப்புத்தகம் மட்டுமே மிஞ்சியது. இன்றும் எங்களிடம் வருபவை சைனஸ் தொந்தரவுக்கான வாட்டர்ஸ் வியூ, மூக்கெலும்பு, தாடை, கன்ன எலும்பு ஆகியவை. சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் கூடங்களில் தறியில் ஊடுநூலைக் கொண்டு ஓடும் நாடா தெறித்து முகத்தில் அடிபட்டவர்களும் வருவதுண்டு. லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவர்களை, கண்ணில் இரும்புத்துகள் ஏதும் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, எம்ஆர்ஐ எடுப்பதற்கு முன் எங்களிடம் அனுப்புகிறார்கள். காந்தப்புலத்தில் அந்தத் துகள் நகர்ந்தால் பார்வையே பறிபோகலாம் என்பதால், கோவையைப் போன்ற பட்டறைகள் நிறைந்த ஊரில் இந்தப் படத்தை நான் சிறிதாக எண்ணுவதில்லை. பின்மண்டை எலும்பைக் காட்டும் டவுன்ஸ் வியூவைக் கேட்கும் சீட்டு மட்டும் எப்போதாவதுதான் வருகிறது.

தேர்வு நாளன்று தக்க நோயாளி வருவார் என்று காத்திருக்க முடியாது. தேர்வுக்காக நலமாக இருக்கும் ஒருவர் மீது கதிர் செலுத்துவதும் கூடாது. எனவே மதிப்பீட்டை மூன்றாகப் பிரித்தோம். அடிக்கடி வரும் படங்களை ஆண்டு முழுவதும் பணியின்போதே நேரில் கவனித்து மதிப்பிட்டோம். அரிய படங்களுக்குச் சக மாணவரையே நோயாளியாக நிறுத்தி, கதிர் செலுத்தாமல், நிலைப்படுத்துவதை மட்டும் பார்த்தோம். எக்ஸ்ரே டியூபை இயக்கிப் படம் எடுக்க, பேண்டம் எனப்படும் மண்டையோட்டு மாதிரி ஒன்றைப் பயன்படுத்தினோம். இவற்றோடு, பழைய படங்களைக் காட்டிக் கேள்வி கேட்கும் ஒரு மேசையும் இருந்தது. மாணவர்கள் நிலையம் நிலையமாகச் சுற்றிவரும் இந்த அமைப்பு புதியதன்று. மருத்துவ மாணவர்களுக்காக ரொனால்ட் ஹார்டனும் அவருடைய குழுவினரும் 1975-ல் எழுதி வெளியிட்ட ஓஸ்கி முறையைத்தான் எங்கள் அறையின் அளவுக்குச் சுருக்கிக்கொண்டோம்.

சரிபார்ப்புப் பட்டியலைத் தயாரித்ததில்தான் நேரம் மிகுதியாகச் சென்றது. 'நோயாளியை மென்மையாகக் கையாண்டாரா' என்ற வரிக்கு நானும் என் சக தேர்வாளரும் ஒரே மாணவருக்கு வெவ்வேறு மதிப்பெண் போடுவோம் என்பது, பயிற்சி மருத்துவமனையில் இருந்த முந்தைய ஆண்டு மாணவர்களை வைத்து ஒத்திகை பார்த்தபோது தெரிந்தது. அதை 'தலையைத் தொடுவதற்கு முன் சொன்னாரா' என்று மாற்றியபின் கருத்து வேறுபாடு எழவில்லை. கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக எழுத முடியாத வரிகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டோம். பட்டியல் குறுகியது, தேர்வாளரின் கண் தாளை விட்டு மாணவரின் கையில் பதிந்தது.

சில வரிகளுக்கு மதிப்பெண்ணே வைக்கவில்லை. தவறினால் அந்த நிலையம் அங்கேயே நிறுத்தப்படும். சீட்டிலுள்ள பெயரை நோயாளியிடம் கேட்டு உறுதிசெய்யாதது, வலம் இடம் குறிக்கும் மார்க்கரை மறந்தது அல்லது மாற்றி வைத்தது ஆகியவை அவற்றில் அடங்கும். எல்லாவற்றிலும் கடுமையானது கழுத்தைப் பற்றியது. கழுத்துப்பட்டையுடன் படுத்திருக்கும் விபத்து நோயாளியாக ஒரு மாணவரைக் கிடத்தி, பக்கவாட்டுப் படம் எடுக்கச் சொன்னோம். கழுத்தெலும்பில் பாதிப்பில்லை என்று மருத்துவர் உறுதிசெய்யும் வரை தலையைத் திருப்பக் கூடாது. டியூபைக் கிடைமட்டமாகத் திருப்பி, படம் பதியும் தட்டான கேசட்டைத் தலைக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுக்க வேண்டும். அப்படி எடுப்பதில் வேறொரு பயனும் உண்டு: மூக்குக்குப் பின்னால் உள்ள ஸ்பீனாய்டு சைனஸில் திரவ மட்டம் தெரிந்தால், மண்டையோட்டின் அடித்தளத்தில் முறிவு இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அடையாளம். இதைக் காரணத்தோடு சொன்ன மாணவி ஒருவர், கேசட் நிற்பதற்கு ஸ்பாஞ்ச் கட்டை போதாமல் போனபோது போர்வையை மடித்து முட்டுக் கொடுத்தார். அந்தச் சமயோசிதத்துக்குப் பட்டியலில் வரி இல்லை. ஆனாலும் ஓரத்தில் குறித்து வைத்தேன்.

நிலைப்படுத்தலில் நான் கவனித்தது, மாணவர் கோடுகளைத் தேடுகிறாரா என்பதை. கண்ணின் வெளிமூலையையும் காதுத் துளையையும் இணைக்கும் கோட்டைச் சுருக்கமாக ஓஎம்எல் என்கிறோம். கண்குழியின் கீழ்விளிம்பிலிருந்து காதுத் துளைக்குச் செல்லும் கோட்டுக்கும் அதற்கும் ஏறத்தாழ 7 பாகை வேறுபாடு உண்டு. டவுன்ஸ் வியூவுக்குத் தாடையை நெஞ்சை நோக்கி இறக்கி, ஓஎம்எல் கோட்டைப் பக்கிக்கு, அதாவது படம் பதியும் தட்டைத் தாங்கும் பலகைக்கு, செங்குத்தாக்கி, டியூபைக் கால்பக்கமாக 30 பாகை சாய்க்க வேண்டும். கழுத்து குட்டையானவருக்கும் கூன் விழுந்த முதியவருக்கும் தாடை அவ்வளவு இறங்காது. அந்த இடத்தில்தான் எங்கள் கேள்வி காத்திருந்தது. நோயாளியாக நடித்த மாணவரிடம் பாதியளவுக்கு மேல் தாடையை இறக்கக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்தோம். "இன்னுங் கொஞ்சம் குனியுங்க, இன்னுங் கொஞ்சம்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. ஒருவர் மட்டும் சற்று நின்று யோசித்து, "மேம், இவருக்குத் தாடை இறங்காதுங்க. நான் கீழ்க்கோட்டைச் செங்குத்தாக்கிட்டு டியூபை 37க்கு வச்சுக்கறனுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அந்த நிலையத்தின் முழு மதிப்பெண்ணையும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அட்டையில் வெட்டிய பாகைமானியைக் கொண்டுவந்தவர்களையும் நாங்கள் தடுக்கவில்லை. அளந்து செய்வது குறைபாடாகாது.

சைனஸ் படத்தில் பலர் தடுமாறியது கோணத்தில் அன்று, நோயாளியை நிற்க அல்லது உட்கார வைப்பதற்கான காரணத்தில். கதிர் கிடைமட்டமாகச் சென்றால்தான் சைனஸுக்குள் தேங்கிய திரவத்தின் மட்டம் நேர்கோடாகத் தெரியும். நெற்றிச் சைனஸைக் காட்டும் கால்ட்வெல் வியூவுக்கென மனப்பாடம் செய்த கோணம் நினைவுக்கு வர, டியூபை 15 பாகை கீழே சாய்த்தவர்களிடம், அப்படிச் செய்தால் எது மறையும் என்று கேட்டோம். தலையைச் சரிப்படுத்திக் கதிரைக் கிடைமட்டமாகவே வைக்கலாம் என்று விடை சொன்னவர்களுக்குத் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தோம்.

அணிகலன்களை அகற்றச் சொல்வதும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. ஆண்டு முழுவதும் நடந்த நேரடி மதிப்பீட்டில், கொண்டை ஊசியும் பல்செட்டும் எளிதில் தீர்ந்தன. பல ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தி தீரவில்லை. "ஏனுங்க அம்மிச்சி, மூக்குத்தி கழருமுங்களா? வலிச்சா வேண்டாமுங்க, நான் டாக்டருக்கு எழுதிக்கறேன்" என்று கேட்டுவிட்டு, வராது என்று தெரிந்ததும் அதைச் சீட்டில் குறித்த மாணவரின் நடத்தையை நான் மிகவும் மதித்தேன். மூக்கும் வாயும் படும் பக்கித் தட்டை ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் துடைக்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆயினும் சொல்ல வேண்டியிருந்தது.

டிஜிட்டல் முறை வந்தபின் தேர்வாளர் ஏமாறும் வழிகள் பெருகியுள்ளன. கதிர் விழும் பரப்பைக் காட்டும் ஒளிப்புலத்தை அகலமாகத் திறந்து எடுத்துவிட்டுத் திரையில் ஓரங்களை வெட்டினால், படம் கச்சிதமாகத் தோன்றும். நோயாளி வாங்கிய கதிர் குறையாது. கதிரளவு கூடினாலும் படம் கறுத்துப்போகாமல் இன்னும் தெளிவாகவே தெரியும். எனவே ஒளிப்புல அளவை உடம்பின் மீதே பார்த்தோம். திரையில் காட்டும் கதிரளவுக் குறியீட்டைப் படித்துப் பொருள் சொல்லச் சொன்னோம். மண்டையோட்டை முடிந்தவரை முகம் பக்கியை நோக்க எடுப்பது ஏன் என்ற கேள்விக்கு, கண்ணின் வில்லைக்குச் செல்லும் கதிர் குறையும் என்ற விடை எல்லோரிடமிருந்தும் வந்தது. தாங்கள் நாள்தோறும் பெயர் சொல்லும் கால்ட்வெல், கதிர்க்காயங்களின் விளைவால் 1918-ல் இறந்தவர் என்பது அவர்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை, சொல்லி மட்டும் வைத்தேன்.

தேர்வின் உயிர் பழைய படங்கள் இருந்த மேசைதான். பெயர் நீக்கிய படங்களைத் திரையில் காட்டி, என்ன பிசகு, தலையை எந்தப் பக்கம் நகர்த்துவாய், மறுபடி எடுக்க வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டோம். வாட்டர்ஸ் வியூவில் காதெலும்பின் முகடு மேல்தாடைச் சைனஸின் அடித்தளத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டும். சைனஸின் மேலேயே விழுந்திருந்தால் தாடை போதிய அளவு உயரவில்லை என்று பொருள். பிசகைக் கண்டுபிடித்தவர்கள் அனைவரும் திருத்தும் திசையைச் சரியாகச் சொல்லவில்லை. பக்கவாட்டுப் படத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக வெளிப்பட்டது. கண்குழிகளின் கூரைகள் மேலும் கீழுமாகப் பிரிந்திருந்தால் தலை சாய்ந்திருக்கிறது. தாடையின் பின்கிளைகள் முன்னும் பின்னுமாகப் பிரிந்திருந்தால் தலை திரும்பியிருக்கிறது. இதைக் குழப்பிக்கொண்டவர், மறுபடி எடுத்தாலும் அதே பிசகைத்தான் எடுப்பார்.

மறுபடி எடுக்க வேண்டுமா என்ற மூன்றாவது கேள்வியில்தான் எனக்கும் என் சக தேர்வாளருக்கும் நெடிய வாதம் நடந்தது. ஒரு மாணவர் பேண்டத்தில் மிக அழகான படம் எடுத்தார். ஆனால் இந்த மேசையில் எந்தப் படத்தைக் காட்டினாலும் "ரிப்பீட் எடுக்கணுமுங்க" என்றார். இன்னொருவரின் பேண்டம் படம் சற்றே திரும்பியிருந்தது. அவரோ அதைத் தாமே சுட்டிக்காட்டி, கன்ன எலும்பின் வளைவைத்தான் மருத்துவர் கேட்டிருக்கிறார், அது இரு பக்கமும் தெரிகிறது, எனவே மறுபடி எடுக்கத் தேவையில்லை என்று விளக்கினார். "டாக்டருக்குப் படந்தானுங்க வேணும், வெளக்கமா வேணும்?" என்பது என் சக தேர்வாளரின் கட்சி. நாளைக்கு இரவுப் பணியில் தனியாக நிற்கும்போது, தேவையின்றி இரண்டாம் முறை கதிர் செலுத்தாமலிருக்க இரண்டாமவரைத்தான் நம்புவேன் என்பது என்னுடையது. கடைசியில், பேண்டத்திலும் படமேசையிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் பெற்றாக வேண்டும் என்று முடிவு செய்தோம். அதன்படி முதலாமவர் படமேசையை மட்டும் சில வாரங்கள் கழித்து மீண்டும் எழுதினார். முழுத் தேர்வையும் திரும்ப எழுதச் சொல்லவில்லை. டவுன்ஸ் வியூவில் தவறியவர்களுக்கும் இதே ஏற்பாடுதான்.

இந்த ஆண்டு ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். தலைச் சிடி எடுக்கும்போது முதலில் விழும் பக்கவாட்டு ஸ்கவுட் படத்தைப் பார்த்து, தலை சாய்ந்திருக்கிறதா திரும்பியிருக்கிறதா என்று இரண்டாம் ஆண்டு மாணவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டும். நோயாளிக்குக் கூடுதல் கதிர் எதுவும் இல்லை. பார்க்கக் கிடைக்கும் தலைகளுக்கும் பஞ்சமில்லை. விபத்து நோயாளிகள் அடுத்தடுத்து வரும் இரவு நேரத்தில் மாணவர்கள் கன்சோல் அருகே கூடுவதைச் சிடி அறைப் பணியாளர்கள் விரும்பவில்லை என்பதால், இப்போதைக்குப் பகல் நேரத்துக்கு மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.