பரங்கியும் சாம்பல் பூசணியும் மாதக்கணக்கில் கெடாமலிருக்க

விதை போட்டு 90 நாளைத் தாண்டியதும் காம்பைப் பாருங்கள். பச்சையாகச் சாறு கசிந்தால் பரங்கி இன்னும் முற்றவில்லை. தக்கை மாதிரி காய்ந்திருந்தால் தோலில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள், இறங்காவிட்டால் பறிக்கலாம். சாம்பல் பூசணிக்கு வேறு கணக்கு: சுணை உதிர்ந்து, தோல் முழுக்கச் சாம்பல் பூத்திருக்க வேண்டும்.

கையால் திருகிப் பிடுங்கவே கூடாது. இரண்டு அங்குலக் காம்பு விட்டு வெட்டுங்கள். காம்பைப் பிடித்துத் தூக்கினால் அது கழன்றுவிடும். அந்தக் குழி வழியாகத்தான் அழுகல் உள்ளே போகும். கூட்டுத் தோட்டத்தில் பத்துப் பேர் அறுவடைக்கு வந்தால் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

கழுவாதீர்கள். பரங்கியில் ஒட்டிய மண்ணை உலர்ந்த துணியால் தட்டிவிட்டால் போதும். சாம்பல் பூசணிக்கு அதுவும் வேண்டாம், அந்தப் பூச்சுதான் கவசம். காற்றோட்டமான நிழலில் பத்து நாள் ஆறவிட்டால் பரங்கித் தோல் இறுகும், சின்னக் கீறல்கள் காய்ந்து மூடும். ஆழமாக வெட்டுப்பட்டதைச் சேமிக்க நினைக்காமல் உடனே சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு வைக்கோல் மேல் ஒற்றை அடுக்கு, ஒன்றோடொன்று முட்டாமல். வெறும் சிமெண்ட் தரை ஈரம் கோக்கும். இடம் இருந்தால் உறி கட்டித் தொங்கவிடுவது இன்னும் நல்லது. வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். முழுக்காயை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் குளிர் தாக்கி, வெளியே எடுத்ததும் சீக்கிரம் அழுகும்.