மேரிலாந்தில் ஒரு துணைப்பாடம்

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில், கறுப்பினத்தவருக்கு எதிரான இனவெறியை பட்டப்படிப்பின் முக்கியப் பாடத்தோடு சேர்த்து ஒரு துணைப்பாடமாகவே (மைனர்) எடுத்துப் படிக்கலாம். அது அங்கே இருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

1935-இல், அன்று அந்தப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக மேரிலாந்தின் பால்டிமோர் நகரில் இருந்த சட்டக் கல்லூரி, டொனால்ட் மர்ரி என்பவரைக் கறுப்பர் என்பதற்காகவே சேர்க்க மறுத்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல் என்ற இளம் வழக்கறிஞர். பால்டிமோரிலேயே பிறந்தும் அதே கல்லூரியில் இடமில்லாமல், வாஷிங்டன் போய் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். வழக்கில் ஜெயித்தார்கள், மர்ரி உள்ளே போனார். 1967-இல் மார்ஷல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி ஆனார்.

அப்புறம் வீடு. கறுப்பர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்று 1910-இலேயே சட்டம் போட்ட நகரம் பால்டிமோர். இத்தகைய சட்டங்கள் செல்லாது என்று 1917-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று வீட்டுப் பத்திரங்களில் எழுதிய தடைகளும், கடன் கொடுக்க மறுத்த வங்கிகளும் அதே வேலையைத் தொடர்ந்து செய்தன. இனவெறி என்றால் யாரோ சில பேருடைய வெறுப்பு என்று மட்டும் நினைத்திருந்தால் இதெல்லாம் கண்ணிலேயே படாது. பொருளாதாரமும் நகரத் திட்டமிடலும் படிக்கிறவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும் என்பேன்.

அங்கே பட்டப்படிப்புக்குப் போகும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், பாடப் பட்டியலில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள்.